சின்ன பட்ஜெட்டில் பழைய புல்லட்: எந்த வேலை முன்னால், எந்த வேலை பின்னால்

வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது கால் கியர், பிளாட்டினா பாயின்ட் (ஸ்பார்க் வரவைக்கத் திறந்து மூடும் தொடர்பு முனை) உள்ள பழைய 350 சி.சி. ராயல் என்ஃபீல்டு புல்லட்டை வைத்து எழுதியது இது. மொத்தப் பணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குபவருக்கு இது வேண்டாம். நல்ல ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்துப் போனால் போதும். மாதச் சம்பளத்தில் ஐயாயிரம், ஆறாயிரம் ஒதுக்கி ஒன்றரை வருடத்தில் வண்டியைத் தேற்ற நினைப்பவருக்குத்தான் இந்தக் கணக்கு.

ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். ஒவ்வொரு கட்டமும் வண்டி ஓடுகிற நிலையில் முடிய வேண்டும். ஆர்வத்தில் முதல் வாரமே நட்டு நட்டாகக் கழற்றிய வண்டிகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. கைப்பணம் தீர்ந்துபோகும், டேங்க் ஒரு பெயின்டரிடமும் கிராங்க் ஒரு லேத்திலும் கிடக்கும், எந்த போல்ட் எங்கே இருந்தது என்று கழற்றியவருக்கே மறந்துபோகும். கடைசியில் மூட்டையோடு அடிமாட்டு விலைக்குப் போகும்.

கீழே வரும் தொகைகள் கணக்குப் போட ஒரு பிடிமானத்துக்கு மட்டும். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். மொத்தத்துக்கு மேல் 20 சதவீதம் தனியாக வைத்துவிடுங்கள். அது கட்டாயம் செலவாகும்.

1. அட்வான்ஸ் கொடுக்கும் முன் பேப்பர்

எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்பதற்கு முன்னால் ஆர்.சி.யைக் கையில் வாங்குங்கள். எஞ்சின் எப்படி இருந்தாலும் பணம் போட்டால் சரியாகும். பேப்பர் அப்படி இல்லை.

சேஸிஸ் எண் ஸ்டியரிங் தலைப்பகுதியில் குத்தியிருக்கும். எஞ்சின் எண் கிராங்க்கேஸில், சிலிண்டருக்குக் கீழே. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மொபைலில் நெருக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சுற்றி உலோகம் தேய்த்த தடம், எழுத்துகள் ஒரே வரிசையில் இல்லாமை, புதிதாக வெல்டிங் வைத்த மேடு, இவற்றில் எது தெரிந்தாலும் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

அடுத்து, அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனிலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். 1989-க்கு முந்தைய பழைய வரிசை எண்களும், கையால் எழுதிய ஆர்.சி. புத்தகம் உள்ள வண்டிகளும் பல நேரம் அதில் வராது. பயப்பட வேண்டாம், பதிவு கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்றுதான் அர்த்தம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி போடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அது முடியாமல் பெயர் மாற்றமோ புதுப்பித்தலோ ஆன்லைனில் நகராது. அலுவலகத்தில் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்க்க வேண்டியிருப்பதால் இதற்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். முடிந்தவரை விற்பவரையே செய்து தரச் சொல்லுங்கள்.

அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

- ஆர்.சி. தொலைந்த வண்டி. நகல் ஆர்.சி.க்குப் படிவம் 26, காவல்துறைச் சான்றோடு. விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவுபெற்ற உரிமையாளர், நீங்கள் அல்ல. "நீங்க வாங்கிட்டு அப்புறமா போட்டுக்கலாம் தம்பி" என்றால் நம்பாதீர்கள். நகல் கைக்கு வந்தபின் மீதிப் பணம்.
- உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, படிவம் 31. வாரிசுகள் நான்கு பேர் என்றால் நால்வரின் சம்மதமும் வேண்டும். பெயர் முதலில் ஒரு வாரிசுக்கு மாறட்டும், பிறகு நீங்கள் வாங்குங்கள்.
- முப்பது வருடம் முன்பு கட்டி முடித்த கடன் ஆர்.சி.யில் இன்னும் ஃபைனான்ஸ் பெயரோடு நிற்கும். அதை நீக்கப் படிவம் 35-ம் அந்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் தேவை. நிறுவனமே இப்போது இல்லை என்றால் வேலை இழுக்கும். இதை விலையில் கழிக்கப் பார்க்காதீர்கள், வேறு வண்டி பாருங்கள்.
- வெளி மாநில வண்டிக்குப் படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும். இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொண்டபின் விலை பேசுங்கள்.

சாதாரணப் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-ம் 30-ம். விற்பவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுவது பழைய வண்டிக்காரர்களிடம் உள்ள கெட்ட பழக்கம். விற்றவர் ஊர் மாறிவிட்டால் அந்தக் காகிதம் வெறும் காகிதம்.

செலவில் பலரை அதிரவைப்பது ஆர்.சி. புதுப்பித்தல். முதல் பதிவிலிருந்து 15 வருடம், அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் படிவம் 25-ல் நீட்டிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்கு 2025 ஆகஸ்ட் முதல் மத்திய விதிப்படி புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். காலாவதியாகிவிட்டால் தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய், 2022 ஏப்ரல் முதல். மூன்று வருடம் விட்டிருந்தால் அதுவே 10,800 ரூபாய் ஆகிறது. பசுமை வரி தனி. ஆகவே ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும் என்பதுதான் விலை பேசும்போது உங்கள் முதல் ஆயுதம். ஆர்.டி.ஓ.வில் பாக்கித் தொகையைக் கேட்டு, அதைக் கழித்து விலை சொல்லுங்கள்.

வண்டிக்கு 50 வயது தாண்டிவிட்டால் "விண்டேஜ்" பதிவு என்றொரு வழி 2021 விதிகளில் இருக்கிறது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடப் போவது போன்றவற்றுக்கு மட்டும். தினம் டீக்கடைக்குப் போக வண்டி வேண்டுமென்றால் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஸ்பானர் எடுக்காமல் ஒரு நாள்

வண்டி வீட்டுக்கு வந்ததும் கழுவாதீர்கள். ஆயில் எங்கிருந்து ஒழுகுகிறது என்பதை அழுக்குதான் காட்டும். நாலாபக்கமும் படம் எடுங்கள். கேபிள் போகும் வழி, வயர் போகும் வழி, ஒவ்வொரு பிராக்கெட்டும் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதுவரை. ஒரு நோட்டில் மூன்று தலைப்பு போடுங்கள்: ஓட்ட முடியாமல் தடுப்பது, ஆபத்தானது, அசிங்கமாக இருப்பது. பணம் அந்த வரிசையில்தான் போக வேண்டும். இல்லாத பாகங்களை (டூல் பாக்ஸ் மூடி, ஆம்ப் மீட்டர், ஹெட்லைட் கூடான காஸ்கெட்) தனிப் பட்டியலாக எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைப் பக்கம் போகும் நாளில் உதவும்.

ஸ்பானர் செட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய புல்லட்டில் பல நட்டுகள் பிரிட்டிஷ் அளவு. மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் உட்கார்ந்த மாதிரி தெரியும், அழுத்தினால் முனை மழுங்கும். முந்தைய மெக்கானிக் மெட்ரிக் போல்ட்டை வலுக்கட்டாயமாக ஏற்றி மரையைக் கெடுத்திருப்பதும் சகஜம். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டின் மரையையும் பாருங்கள். பிரிட்டிஷ் அளவு ரிங் ஸ்பானர் ஒரு செட் வாங்குவது வீண் செலவே இல்லை.

3. ஓடவைப்பது

பட்ஜெட் 3,000 முதல் 5,000 ரூபாய். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பல மாதம் நின்ற வண்டியைப் பார்த்ததும் கிக் அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, துளை வழியாக இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கையால் கிக்கரை மெதுவாக அழுத்திச் சுற்ற வேண்டும்.

இந்த எஞ்சினுக்கு என்றே ஒரு குணம் உண்டு. ஆயில் டேங்க் கிராங்க்கேஸோடு சேர்ந்த அறை. நெடுநாள் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவாகத் தெரியும், விவரம் தெரியாதவர் மேலே ஊற்றுவார், ஸ்டார்ட் செய்ததும் தெருவே புகையாகும், பிரீதர் (எஞ்சின் காற்றுப்போக்கி) வழியாக ஆயில் கக்கும். "பிஸ்டன் போச்சு" என்று மெக்கானிக் சொல்வதற்குத் தோதான காட்சி. முதலில் கீழே உள்ள எல்லா டிரெயின் போல்ட்டுகளையும் திறந்து பழைய ஆயிலை முழுக்க வடித்துவிடுங்கள். வடிந்த ஆயிலைத் துணியில் ஊற்றிப் பாருங்கள்: சாம்பல் நிறப் பசை பரவாயில்லை, மினுக்கும் பித்தளைத் துகளோ இரும்புச் செதிலோ இருந்தால் 7-ஆம் கட்டம் முன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஃபெல்ட் ஃபில்டரை மாற்றுங்கள். கழற்றும்போது வாஷர், ஸ்பிரிங் வந்த வரிசையைப் படம் எடுத்து, அதே வரிசையில் போடுங்கள். மாறினால் எஞ்சினுக்கு ஆயில் போவது நிற்கும். மூடும் முன் ஃபில்டர் அறையில் ஆயில் ஊற்றுங்கள். பிறகு 20டபிள்யூ-50 ஆயில் சுமார் இரண்டேகால் லிட்டர், டிப்ஸ்டிக் பார்த்து. பிளக் இல்லாமல் ஐம்பது அறுபது தடவை கிக்கரைச் சுற்றுங்கள்.

ஸ்பார்க்குக்கு: பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி சுமார் அரை மி.மீ. கண்டென்சரைப் புதிதாகப் போட்டுவிடுங்கள், விலை சொற்பம். டைமிங்: ஆட்டோ அட்வான்ஸ் (வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னால் தள்ளும் அமைப்பு) முழுக்கப் பின்னால் இருக்கும்போது, பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கையில் பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பேட்டரியில் ஒரு சின்ன பல்பைக் கோத்துப் பார்த்தால் திறக்கும் நொடி தெளிவாகத் தெரியும். டைமிங் அதிகம் முன்னால் போய்விட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். செருப்போடு கிக் அடிக்காதீர்கள்.

டேப்பெட்டுக்கு (வால்வ் இடைவெளிக்கு) ஃபீலர் கேஜ் வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்க, கம்ப்ரஷன் உச்சியில், புஷ் ராட் விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது.

கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்யுங்கள், கம்பி விட்டுக் குத்த வேண்டாம். பெட்ரோல் டியூப் புதிது. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. டேங்க்குக்குள் துரு என்றால் பெட்ரோலை முழுக்க வடித்து, வினிகர் நிரப்பி ஒரு நாள் விட்டு, சோடா உப்புத் தண்ணீரால் அலசி, உடனே காயவைத்து, பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்து உள்ளே சுற்றிவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் அன்று மாலையே செந்தூள் பூக்கும். டேங்க் ஓட்டைக்கு வெல்டிங் வைக்க நேர்ந்தால் பெட்ரோல் டேங்க் வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். காலி டேங்க்கில் தங்கும் ஆவிதான் வெடிக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் முதல் வேலை ஆயில் ஏறுகிறதா என்று பார்ப்பது. ஐடிலில் ஓடும்போது சிலிண்டர் ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஓரமாக ஆயில் கசிய வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் எஞ்சினை நிறுத்துங்கள்.

4. நிற்க வேண்டும், நேராக உருள வேண்டும்

பட்ஜெட் 10,000 முதல் 14,000. இதில் பாதி டயருக்கே போகும். இரண்டும் 3.25-19. டயர் ரப்பர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தால் கழித்துவிடுங்கள். டியூபும் ரிம் டேப்பும் சேர்த்து மாற்றுங்கள்.

பிரேக் ஷூ மாற்றும் முன் டிரம்மைப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் தேய்ந்திருந்தால் புதிய ஷூ போட்டும் கால் துடிக்கும். லேத்தில் லேசாக ஒரு வெட்டு எடுக்க வேண்டும். டிரம் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

ஸ்டியரிங் கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ், பின் சக்கரத்துக் குஷ் ரப்பர், வீல் பேரிங் நான்கையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுங்கள். பேரிங் வாங்க ஸ்பேர் கடைக்குப் போக வேண்டாம். பேரிங்கின் ஓரத்திலேயே எண் பொறித்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு பேரிங் கடையில் எஸ்.கே.எஃப். அல்லது என்.பி.சி. கேளுங்கள். ஆயில் சீலுக்கும் இதே வழி, அளவு அதன் முகத்திலேயே அச்சாகியிருக்கும். போலி டப்பா அதிகம் புழங்குவது இந்த இரண்டிலும்தான் என்பதால் பில்லோடு வாங்குங்கள்.

ஸ்போக்ஸ் மாற்றுவதாக இருந்தால் ரிம்மைத் தளர்த்தும் முன் ஹப்பின் ஓரத்திலிருந்து ரிம்மின் ஓரம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். இந்த அளவைத் தொலைத்துவிட்டால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் வராது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். காரணம் தேடி ஃபோர்க்கைப் பிரிப்பார்கள்.

5. வயரிங்

புல்லட் நின்றுபோகும் காரணங்களில் பெரிய பங்கு பழைய வயரிங்குக்கு. வெட்டி ஒட்டிய டேப் சுற்றலை மேலும் சுற்றாமல் முழு வயரிங் கிட்டாக மாற்றுங்கள். பேட்டரி, ஃபியூஸ், ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து 4,000 முதல் 6,000 ரூபாய். பழைய வண்டி 6 வோல்ட்டாக இருந்தால் வெறும் பேட்டரியையும் பல்பையும் மாற்றினால் 12 வோல்ட் ஆகாது. ஆல்டர்னேட்டர் காயில், ரெகுலேட்டர், இக்னிஷன் காயில், ஹார்ன் எல்லாம் அதற்கேற்றதாக வேண்டும். கையில் பணம் இல்லையென்றால் 6 வோல்ட்டையே ஒழுங்காக ஓடவையுங்கள், வெளிச்சம் சுமாராக இருக்கும், அவ்வளவுதான். பழைய பேட்டரியைக் கழற்றும்போது எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

6. எஃப்.சி.யை (ஆர்.சி. புதுப்பிக்கும் ஆய்வை) இப்போதே முடியுங்கள்

பெயின்ட் அடித்து மினுக்கியபின் ஆர்.டி.ஓ.வுக்குக் கொண்டுபோகலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். அதற்குள் இன்னும் பத்து மாதத் தாமதக் கட்டணம் ஏறியிருக்கும். ஆய்வாளர் பார்ப்பது பிரேக், விளக்கு, ஹார்ன், இன்டிகேட்டர், நம்பர் பிளேட், சைலன்சர் சத்தம், சேஸிஸ் எண். பளபளப்பை அல்ல. இந்தக் கட்டத்தில் உங்கள் வண்டி அதற்குத் தயார்.

கையில் இருக்க வேண்டியவை: ஆர்.சி., படிவம் 25, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, வரி கட்டிய ரசீது. காலாவதியாகாத ஆர்.சி. என்றால் முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 346 சி.சி. என்பதால் 150-க்கு மேல் 350-க்குள் என்ற பிரிவில் வரும்; மூன்றாம் நபர் பிரீமியம் 2022 பட்டியல்படி வருடத்துக்கு 1,366 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. பின்னால் சிலிண்டரை உள்ளே வெட்டி அகலப்படுத்துவதால் (போரிங்) சி.சி. கொஞ்சம் கூடினாலும் ஆர்.சி.யில் உள்ள எண்தான் கணக்கு.

சேஸிஸ் எண்ணைத் தேய்த்துப் படி எடுப்பார்கள். முந்தின நாளே அந்த இடத்துப் பெயின்டை திரவ ரிமூவரால் நீக்கி வையுங்கள். உப்புத்தாளோ கிரைண்டரோ அந்தப் பக்கமே போகக் கூடாது.

7. எஞ்சின்: கேட்டு, அளந்து, பிறகு

வண்டி சட்டப்படி ஓடுகிறது. இப்போது 300, 400 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஒவ்வொரு சத்தத்தையும் எந்த கியரில், சூட்டிலா குளிரிலா என்று நோட்டில் எழுதுங்கள். தொடர்ந்து நீலப் புகை என்றால் ரிங் அல்லது வால்வ் கைடு. ஆக்சிலேட்டரை மூடி இறக்கத்தில் வந்து மறுபடி முறுக்கும்போது மட்டும் புகை என்றால் பெரும்பாலும் கைடு. ஹெட்டோடு வேலை முடியும். லோடில் அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த தட்டல் பிக் எண்ட் (கன்ராட் கிராங்க்கோடு சேரும் இடம்). இடப்பக்கம் கரகரப்பு என்றால் முதலில் பிரைமரி செயின் (எஞ்சினையும் கிளச்சையும் இணைப்பது) தளர்ச்சியைப் பாருங்கள். கால் அங்குலம் ஆட்டம் இருந்தால் போதும். அந்தப் பக்க மூடியை ஒரே ஒரு நடு நட்டுதான் பிடித்திருக்கிறது. ஆயில் ஒழுகினால் ரப்பர் சீலை மாற்றுங்கள். நட்டை இறுக்கினால் மூடி நெளியும், ஒழுகல் கூடும்.

எல்லாம் பிரிக்கத்தான் வேண்டும் என்று முடிவானால் 15,000 முதல் 25,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். லேத்துக்குப் போகும்போது கவனிக்க வேண்டிய வரிசை இது.

சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதலில் போரை அளந்து எந்த ஓவர்சைஸ் என்று முடிவு செய்து, பிஸ்டனை வாங்கி, பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்துக் கொடுங்கள். இந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் வெட்ட வேண்டும். "எனக்கு அளவு தெரியும் சார்" என்று பிஸ்டன் இல்லாமலே வெட்டித் தரும் கடையிலிருந்து நன்றி சொல்லி வெளியே வாருங்கள். இடைவெளி குறைந்தால் நெடுஞ்சாலையில் பிஸ்டன் பிடிக்கும், கூடினால் குளிரில் தட்டும். கடைசி மில்லிமீட்டர் வரை வெட்டித் தீர்ந்த சிலிண்டர் என்றால் ஸ்லீவ் (உள்குழாய்) போட்டு ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம். புதிய ரிங்கைப் போரில் நேராக இறக்கி, வாய் இடைவெளி 0.3 மி.மீ. அருகே இருக்கிறதா என்று பார்த்தபின் மாட்டுங்கள்.

கிராங்க் கழற்றப் போகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. டைமிங் பக்கத்தில் ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் நட்டு இடது மரை. வழக்கமான திசையில் நீளக் குழாய் போட்டு முறுக்கினால் கழலாது, உடையும். அங்கே உடைந்தால் கிராங்க் ஷாஃப்டே போகும்.

கன்ராட் கிட் போட்டபின் கிராங்க்கை இரு முனையிலும் தாங்கிச் சுற்றி, டயல் கேஜில் ஓட்டம் (சுற்றும்போது விலகும் அளவு) 0.05 மி.மீ.க்குள் வருகிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். இந்த எஞ்சின் அதிரும்தான். ஆனால் கை மரத்துப்போகிற அதிர்வுக்கு எஞ்சினைக் குறை சொல்ல முடியாது, கிராங்க் செட்டிங்தான் காரணம்.

கிராங்க்கேஸ் விரிசல் என்றால் அலுமினிய வெல்டிங் தெரிந்தவரிடம் போங்கள். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எண் குத்திய கிராங்க்கேஸை வாங்கி மாட்டிவிடாதீர்கள். ஆர்.சி.யில் ஒரு எண், வண்டியில் ஒரு எண் என்றால் அடுத்த வாகனச் சோதனையில் அது திருட்டு வண்டி. எஞ்சினை மாற்ற ஆர்.டி.ஓ.வின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். கியர் பாக்ஸ் உள்பாகம், ஹெட், ஃபோர்க், மட்கார்டு போன்ற எண் இல்லாத பாகங்களுக்குப் புதுப்பேட்டை நல்ல இடம். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போய் ஒட்டிப் பார்த்து வாங்குங்கள்.

8. பெயின்ட், குரோம்

பணம் அதிகம் தின்னும் கட்டம் (20,000 முதல் 35,000), அவசரமே இல்லாத கட்டமும் இதுதான். முடிந்தால் எஞ்சின் இறக்கும் அதே சமயத்தில் ஃபிரேமையும் கொடுத்தால் ஒருமுறைதான் பிரிக்க வேண்டியிருக்கும். பணம் இல்லையென்றால் தனித்தனியாகச் செய்யுங்கள். கூலி கொஞ்சம் கூடினாலும் வண்டி நிற்காது.

காலத்தைப் பார்த்துத் தேதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெயின்ட் கொடுத்தால் ஈரக்காற்றில் வெள்ளை பூத்துப்போகும். ஆயுத பூஜைக்கு முந்தின பதினைந்து நாளும், தீபாவளி, பொங்கல் வாரங்களும் பிளேட்டிங் கடையில் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மாசி முதல் ஆனி வரை வசதி.

பெயின்டுக்கு அனுப்பும் முன் எல்லாப் பாகங்களையும் பச்சையாக ஒருமுறை பூட்டிப் பாருங்கள். புதிதாக வாங்கிய மட்கார்டின் துளை ஸ்டேயோடு சேராது, டூல் பாக்ஸ் பிராக்கெட் வளைந்திருக்கும். துளை போடுவதும் வெல்டிங்கும் தட்டுவதும் இப்போதே. பெயின்ட் ஆனபின் ரம்பமெடுத்தால் கண்ணீர்தான் வரும்.

பெயின்டரிடம் சொல்ல வேண்டியவை. நசுங்கலைத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். பட்டியை (பள்ளம் நிரப்பும் பசையை) கனமாக அப்பினால் புல்லட் அதிர்வில் ஆறு மாதத்தில் வெடிக்கும். டிங்கரிங் முடிந்ததும், பட்டி போடும் முன் போய்ப் பாருங்கள். சேஸிஸ் எண்ணின் மேல் பட்டி கூடாது. பவுடர் கோட்டிங் என்றால் அந்த இடத்தையும் பேரிங் உட்காரும் கப்புகளையும் மரைகளையும் மறைத்துவிட வேண்டும். தடித்த பவுடர் எண்ணை நிரப்பிவிட்டால் அடுத்த எஃப்.சி.யில் சுரண்ட வேண்டிவரும், சுரண்டிய தடம் சந்தேகத்தைக் கிளப்பும். டேங்க் கோடு கையால் போட வேண்டுமா, ஸ்டிக்கரா என்பதை விலை பேசும்போதே தெளிவாக்குங்கள். கைக்கோட்டுக்குத் தனிக் கூலி, ஆனால் கிளியர் கோட்டுக்கு அடியில் வருடக்கணக்கில் நிற்கும்.

குரோமுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பாகத்தையும் தரையில் பரப்பிப் படம் எடுத்து, எண்ணிக்கையோடு சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தொலைவது எப்போதும் சின்ன பாகம்தான், கிடைக்காததும் அதுதான். சின்ன போல்ட், பிராக்கெட் எல்லாம் குரோம் வேண்டாம்; ஜிங்க் பிளேட்டிங் கிலோ கணக்கில் மலிவாக முடியும். ஸ்பிரிங், வலு தாங்கும் கடின போல்ட் இரண்டையும் எந்தப் பிளேட்டிங்குக்கும் கொடுக்காதீர்கள். அமிலக் குளியலில் உலோகம் நொறுங்கும் தன்மைக்குப் போய் ஓட்டத்தில் முறியும்.

நிறத்தை மாற்றுவதாக இருந்தால், ஆர்.சி.யில் நிறமும் எழுதியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கறுப்பு வண்டியைச் சிவப்பாக்கினால் ஆர்.டி.ஓ.வில் பதிந்தாக வேண்டும். பழைய நிறத்திலேயே அடித்தால் ஒரு அலைச்சல் மிச்சம்.

9. பூட்டுவதும் பழக்குவதும்

புதுப் பெயின்ட் வண்டியில் ஸ்டார்ட்டும் ஆகாது, லைட்டும் எரியாது என்றால் வயரிங்கைச் சந்தேகிக்கும் முன் எர்த்தைப் பாருங்கள். எர்த் போல்ட் உட்காரும் இடங்களில் பெயின்டைச் சுரண்டி வெற்று இரும்பைத் தொடவைத்து, மேலே கிரீஸ் பூசுங்கள்.

புதுப் பிஸ்டனுக்கு முதல் 500 கிலோமீட்டர் வரை 50-க்கு மேல் போக வேண்டாம். ஒரே வேகத்தில் நீளமாக ஓட்டுவதும், டாப் கியரில் முக்கவைப்பதும் இரண்டுமே கெடுதல். முதல் ஆயிலை 200-250 கிலோமீட்டரிலேயே வடித்துவிடுங்கள், ஃபில்டரோடு. அடுத்தது 500-ல். ஹெட் நட்டுகளை எஞ்சின் முழுக்கக் குளிர்ந்தபின், மூலைக்கு மூலையாக மறுபடி இறுக்கி, டேப்பெட்டையும் பாயின்டையும் ஒருமுறை பாருங்கள். ஸ்போக்ஸ் தட்டிப் பாருங்கள், ஒரே தொனியில் கேட்க வேண்டும். எஞ்சின் மவுன்ட், சைலன்சர் கிளாம்ப், நம்பர் பிளேட் போல்ட் இவை மூன்றும் முதல் வாரத்தில் கட்டாயம் தளரும். ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டே கிளம்புங்கள்.